சம்பந்தி கையில் என் கிளவுஸ்

இது நடந்த கதை. ஒரு எழுத்து பொய் கிடையாது. பொய் இருந்தால் கொதிக்கிற டீயை என் தலையில் ஊற்றுங்கள். டீக்காசு மட்டும் நீங்கள் கொடுத்துவிட வேண்டும்.

சரி சரி, முறைக்காதீர்கள். அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன். சோபாவுக்குத் துணி போடுகிறவன் என்ன செய்கிறான்? இழுத்துப் பிடித்துத்தானே ஆணி அடிக்கிறான்? இழுக்காவிட்டால் சுருக்கம் விழும். உள்ளே இருக்கிற கட்டை நிஜம். மேலே போர்த்தின துணி மட்டும் என் கைவேலை.

அதுவும் இந்த ஜிம் பெஞ்சில் இந்த முனையில் மெத்தையின் மச்சான் உட்கார்ந்திருக்கிறார், அந்த முனையில் ஹாரனின் தம்பி. நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுத்த பக்கத்துக்காரர் எழுந்துவிடுவார், பெஞ்ச் குடை சாய்ந்துவிடும். அதனால் நடுவில் நின்றே சொல்கிறேன்.

மெத்தை என்பது வைத்த பெயர் இல்லை, விழுந்த பெயர். சோபா, குஷன், டாக்டர் வீட்டு நாற்காலி என்று எதெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து குழியானதோ அதையெல்லாம் பிரித்து, ஃபோம் மாற்றித் தைத்துக் கொடுக்கிறவர். கடை ஒரே ஒரு அறை. ஃபோம் ஷீட்டுகளுக்கு நடுவே அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வந்த வேலை மறந்துவிடும். கண்ணில் பட்டது எதுவானாலும் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பார். பன் வாங்கினால் அமுக்குவார். பஸ்ஸில் ஏறினால் சீட்டை அமுக்கிவிட்டு, "உள்ள செத்துப்போச்சுங்க" என்று கண்டக்டரிடம் துக்கம் விசாரிப்பார். மகளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையின் தோளைக்கூட அமுக்கிப் பார்த்து, "பரவாயில்ல, அமுக்கினா திரும்பி எழும்புது" என்று சர்டிஃபிகேட் கொடுத்தவர்.

தொழிலில் அவருக்கு வருகிற புகார் ஒன்றே ஒன்று. வருகிறவர்கள் எல்லாரும் மெத்துமெத்தென்று வேண்டும் என்பார்கள். போட்டுக் கொடுத்தால் ஒரு மாசத்தில் திரும்பி வருவார்கள்.

"அண்ணே, உக்காந்தா பலகை தட்டுதுண்ணே."

"மெத்துன்னு கேட்டீங்க, மெத்துன்னு போட்டேன். மெத்துன்னு இருந்தா ஆளு உள்ள எறங்கத்தான் செய்வான். அடியில பலகை இருக்கே, அது எங்க போகும்?"

இந்தப் பதிலை அவர் சொல்லாத நாளே இல்லை. நீங்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பிற்பாடு மறந்துவிடுவார்.

ஹாரன் அவருடைய சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா. ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு ஹாரனை மட்டும் தொண்டையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் ரகசியம் சொன்னால் காதில் வாங்குகிறவர் கடைசி ஆள்தான். அதற்குள் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

இருவருக்கும் ஆகாது. ஆனால் மரியாதையில் குறை வைக்க மாட்டார்கள். "வாங்க சம்பந்தி", "போங்க சம்பந்தி", "உங்க மூளையைக் கொஞ்சம் கழட்டிக் கழுவி மாட்டுங்க சம்பந்தி" என்று எல்லாம் ங்க போட்டுத்தான்.

மெத்தையின் சுகர் ஏறிக்கொண்டே போனதால் டாக்டர், "தினமும் வேர்க்க வேர்க்க எதையாச்சும் பண்ணுங்க" என்றார். ஹாரனை அவர் மனைவி, காலையில் வீட்டுக்குள் கத்தக் கூடாது என்று வெளியே துரத்தினார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல், பழைய கிடங்கில் நடக்கிற இதே குத்துச்சண்டை ஜிம்மில், வயசானவர்களுக்கான காலை பேட்ச்சில் சேர்ந்தார்கள். முதல் நாள் ஒரே மணல்மூட்டையின் இரண்டு பக்கமும் நின்று குத்திக்கொண்டிருந்தார்கள். மூட்டை நகர்ந்தபோதுதான் பார்த்துக்கொண்டார்கள்.

"அடடே, சம்பந்தியா!"

"நானேதான் சம்பந்தி."

அன்றைக்கு அந்த மூட்டை வாங்கின அடியை, அதைத் தைத்த நாளிலிருந்து வாங்கியிருக்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மகளும் மாப்பிள்ளையும் இருப்பது மாடியில் ஒற்றை அறை. மழை வந்தால் வெளியே நின்று நனைவதும் உள்ளே படுத்து நனைவதும் ஒன்றுதான். மகள் நிறைமாசம். குழந்தை பிறந்த பிறகு ஒரு வருஷமாவது இரண்டு வீட்டில் ஏதாவது ஒன்றில் இருந்தாக வேண்டும். எந்த வீடு என்பதுதான் சண்டை.

மெத்தைக்கு ஒரே மகள். அவள் போனதிலிருந்து வீடு காலி சோபா மாதிரி இருக்கிறது. கடையில் அவர் எந்த வாடிக்கையாளருக்கும் கொடுக்காமல் பிளாஸ்டிக்கில் சுற்றி மேலே செருகி வைத்திருந்த ஒரு ஃபோம் உண்டு. அதற்கு அவர் வைத்த பேர் வெண்ணெய். விரலை வைத்தால் விரல் வெட்கப்படும், அத்தனை மென்மை. அதை எடுத்துத் தொட்டிலுக்கு மெத்தை தைத்து வைத்துவிட்டார். ஹாரன் சும்மா இருப்பாரா? கூரையில் கொக்கி அடித்து, சங்கிலியில் தொட்டில் கட்டி, பக்கத்தில் ஒரு ரப்பர் ஹாரனையும் மாட்டிவிட்டார்.

"என் பஸ்ஸுல ஏறித் தூங்காத பிள்ளை உண்டா சம்பந்தி?" என்றார்.

"பிள்ளைங்க தூங்குச்சு, சரி. பெரியவங்க எல்லாம் ஏன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டே வந்தாங்க?" என்றார் மெத்தை.

மகள் இடையில் மாட்டிக்கொண்டு சொன்னாள்: "அப்பா, மாமா, ரெண்டு பேரும் என்னைப் பாத்து முறைக்காதீங்க. குழந்தை எங்க அழாம தூங்குதோ அங்க இருந்துட்டுப் போறேன். போதுமா?"

அது வேடிக்கைக்குச் சொன்னது என்று இருவருமே எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் ஜிம்மில் சண்டை தொடர்ந்தது. குதிகயிறு ஆடுகிறவர்கள் எல்லாம் கயிற்றை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க, உள்ளேயிருந்து கோச்சம்மா வந்தார். பென்சில் மாதிரி ஒல்லி. குத்துவிட்டால்தான் தெரியும், பென்சில் இல்லை கடப்பாரை என்று.

"வாயாலயே எத்தனை ரவுண்டு போவீங்க? வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் ரிங்குல ஏறுங்க. சும்மா ஸ்பாரிங்தான், பயிற்சிக்கு எதிரெதிரா நின்னு மெதுவா ஆடறது. மூட்டை குத்தற கிளவுஸ் வேணாம், அது குத்திக் குத்திக் கல்லாயிருக்கு. புதுசா கிளவுஸும் ஹெட்கார்டும் வாங்கிட்டு வாங்க."

கோச்சம்மா சொன்ன மெதுவா என்கிற சொல் இருவர் காதிலும் நுழையவில்லை. கையைக் கொடுத்து ரகசியமாகப் பந்தயம் போட்டுக்கொண்டார்கள்: ஜெயிக்கிறவர் வீட்டில் தொட்டில். ஹாரன் ரகசியமாகச் சொன்னதால் அது எல்லாருக்கும் தெரிந்தது.

மெத்தை அன்றைக்கே விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் முதலில் ஒரு நீளத் துணிச்சுருளை எடுத்து அவர் கையில் சுற்றினார்.

"கிளவுஸ் கேட்டா ஏங்க கட்டுப் போடறீங்க? எனக்கு இன்னும் அடிபடலையே."

"இந்தத் துணியோடதான் கையை உள்ள விடணும்ணே. வெறுங்கையில போட்டுப் பாத்து வாங்கிட்டுப் போனா, அப்புறம் கட்டுக் கட்டினா உள்ள போகாது."

மெத்தை வரிசையாக எல்லாவற்றையும் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே போனார். ஒன்றின் மேல் விரல் நின்றது. சின்னது. இறுக்கமானது. அமுக்கினால் விரல்தான் மடங்கியது, ஃபோம் அசையவில்லை.

"இதுதான். உள்ள தூள் ஃபோமை அழுத்தி ஒட்டினது. ஆஸ்பத்திரி பெஞ்சுக்குப் போடறது. இருபது வருஷம் உழைக்கும்."

"அண்ணே, அது எட்டு அவுன்ஸ். சின்ன கிளவுஸ். ஸ்பாரிங்குக்கு ஆகாது. பதினாறு அவுன்ஸ் எடுங்க, பஞ்சு அதிகம், அடி வாங்கறவருக்கு வலிக்காது."

"அடி வாங்கறவருக்கு வலிக்காதுன்னா அப்புறம் நான் எதுக்குய்யா அடிக்கிறேன்?"

கடைக்காரர் எட்டு அவுன்ஸையே எடுத்து வைத்தார். அடுத்தது ஹெட்கார்டு. இருப்பதிலேயே பெரிதாக ஒன்றை மெத்தை எடுத்தார். கன்னம், தாடை, நெற்றி எல்லாம் தலையணை. அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற பூனை மாதிரி இருந்தது.

"தலையை ஆட்டுங்கண்ணே. அது தனியா சுத்துது பாருங்க, லூசு. இப்ப தலையைக் குனியாம உங்க கால் விரலைப் பாருங்க. தெரியுதா?"

"என் வயித்தைத் தாண்டி கால் விரலைப் பாத்தே பல வருஷமாச்சு. அதுக்கு ஹெட்கார்டு என்ன பண்ணும்?"

"சரி, நான் இடதுபக்கம் நிக்கறேன். தெரியறேனா?"

"நீங்க தெரிஞ்சு எனக்கு என்ன ஆகணும்? என் சம்பந்தி தெரிஞ்சாப் போதும்."

இரண்டையும் கட்டிக் கொடுக்கச் சொல்லி வாங்கிவிட்டார். வரும் வழியெல்லாம் பையைத் தடவிக்கொண்டே வந்தார்.

மறுநாள் கோச்சம்மாவிடம் பெருமையாகக் காட்டினார். கோச்சம்மா கிளவுஸை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். டக் என்று சத்தம் வந்தது.

"நல்லாத்தான் பாத்து எடுத்திருக்கீங்க. வெள்ளிக்கிழமை இதால உங்க மூக்குல ஒண்ணு வாங்கினா தாங்குவீங்களா?"

"என் மூக்குலயா? இது என் கிளவுஸும்மா."

"அதனாலதான். இந்த ஜிம்முல ஸ்பாரிங்குக்கு ஒரு பழக்கம் உண்டு. நீங்க கொண்டுவர்ற கிளவுஸை எதிராளி போட்டுக்குவார். அவர் கொண்டுவர்றதை நீங்க போட்டுக்குவீங்க. முன்னாடி ஒவ்வொருத்தரும் செங்கல் மாதிரி கிளவுஸா தேடித் தேடிக் கொண்டுவந்தாங்க. இந்த மாத்தற பழக்கம் வந்ததுலேர்ந்து எல்லாரும் ரொம்ப நல்லவங்களாயிட்டாங்க."

மெத்தையின் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சம்பந்திக்கு இது தெரியுமா?"

"நேத்தே சொல்லிட்டேன். சிரிச்சுக்கிட்டே போனார். நீங்க போய் பதினாறு அவுன்ஸா மாத்திட்டு வாங்க. இந்த ஹெட்கார்டும் வேணாம். பெருசா இருந்தா குறி பாக்கறவனுக்குத்தான் வசதி. அது தோல் கிழியாம காப்பாத்தும், அவ்வளவுதான். உள்ள மூளை குலுங்கறதை எந்த ஹெட்கார்டும் நிறுத்தாது."

ஹெட்கார்டை மெத்தை மாற்றவில்லை. தலையணைக்கும் அவருக்கும் உள்ள பாசம் அப்படி. கிளவுஸை மட்டும் ஓட்டமாக ஓடி மாற்றினார். பதினாறு அவுன்ஸில் கடையில் இருந்தது கயிறு கட்டுகிற ஜோடி மட்டும்தான். ஒட்டுப்பட்டி வைத்ததென்றால் தானே கழற்றிக்கொள்ளலாம், கயிறென்றால் இன்னொருத்தர் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். கழற்றுவது பற்றி மெத்தைக்கு என்ன கவலை? போட்டுக்கொள்ளப் போவது சம்பந்தி.

கடைக்கு வந்து அமுக்கிப் பார்த்தார். மெத்தென்றுதான் இருந்தது. ஆனால் ஹாரனின் கையை நினைத்துப் பார்த்தார். பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்து பஸ்ஸை வளைத்துத் திருப்பின கை. அது முறுக்கினால் லாம்ப் போஸ்ட் கும்பிடும். தன் மூக்கை ஒரு தரம் தடவிக்கொண்டார். இந்தப் பஞ்சு போதாது என்று தோன்றியது.

அண்ணாந்து பார்த்தார். தொட்டில் மெத்தை மேலே இருந்தது.

வெகுநேரம் யோசித்தார். தோற்றால் தொட்டிலே தன் வீட்டுக்கு வரப்போவதில்லை, அப்புறம் தொட்டில் மெத்தை எதற்கு? ஜெயித்தால் இன்னொன்று தைத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு கணக்குப் போட்டு, பேரப்பிள்ளைக்கென்று தைத்த மெத்தையைப் பிரித்து, வெண்ணெய் ஃபோமை வெட்டினார். கிளவுஸின் உள்தையலைப் பிரித்து, கடைக்காரன் வைத்த பஞ்சை உருவிக் கீழே போட்டு, வெண்ணெயைத் திணித்து, வளைந்த ஊசியால் தடம் தெரியாமல் தைத்தார். பாவி மனுஷன் அன்றைக்குத் தைத்த மாதிரி எந்த சோபாவையும் தைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஹாரன் தன் பையைத் திறந்தார். அவர் வாங்கி வந்தது இருபது அவுன்ஸ், ஒட்டுப்பட்டி வைத்தது. "பெரிய வண்டியாப் பாத்து எடுத்தேன் சம்பந்தி. உங்களுக்குத்தான்" என்றார். மெத்தை கையை உள்ளே விட்டார். இரண்டு தர்பூசணியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி கை கீழே போனது, மேலே வர மறுத்தது. பதிலுக்கு மெத்தை, ஹாரனின் கையில் தன் கிளவுஸை மாட்டிக் கயிற்றைக் கட்டினார். சோபா அடியில் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டுகிற முடிச்சு. அவருக்குத் தெரிந்தது அந்த ஒரே முடிச்சுதான்.

கோச்சம்மா ஹாரனின் கிளவுஸை ஒரு அமுக்கு அமுக்கினார். "என்ன இது, பன்னு மாதிரி இருக்கு?"

"புது மாடல்" என்றார் மெத்தை, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

மணி அடித்தது. முதல் ரவுண்டு முழுக்க மரியாதையில் போனது.

"நீங்க அடிங்க சம்பந்தி."

"சேச்சே, நீங்க பெரியவங்க. நீங்க ஆரம்பிங்க."

"உங்க வீட்டுப் பொண்ணைக் கட்டினவங்க நாங்க. முதல் மரியாதை உங்களுக்குத்தான்."

"ஏங்க, அடிக்கறீங்களா, இல்ல டீ சொல்லவா?" என்றார் கோச்சம்மா.

இரண்டாவது ரவுண்டில் ஹாரன் இடதுபக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினார். மெத்தையின் ஜன்னலில் ஆள் காணவில்லை. "சம்பந்தி, எங்க போயிட்டீங்க?" என்று அவர் தலையைத் திருப்பினார். தலை திரும்பியது, ஹெட்கார்டு திரும்பவில்லை. ஒரு கண்ணில் இருட்டு. அந்தச் சமயம் பார்த்து ஹாரன் கையை விட்டார்.

குத்து வருவதை மெத்தை மற்றொரு கண்ணால் பார்த்தார். பயமே இல்லை. வெண்ணெய்தானே, வரட்டும் என்று நின்றார். வெண்ணெய் மூக்கைத் தொட்டது, மெத்தென்று. ஆகா என்று நினைத்தார். அடுத்த நொடி வெண்ணெய் வழிவிட்டு ஒதுங்கியது, பின்னாலிருந்து ஹாரனின் கைமுட்டி நேராக வந்து சேர்ந்தது.

பலகை தட்டியது.

கீழே உட்கார்ந்தபோது மெத்தையின் தலைக்குள் அத்தனை வருஷத்து வாடிக்கையாளர்களும் வரிசையில் நின்று, "அண்ணே, பலகை தட்டுதுண்ணே, பலகை தட்டுதுண்ணே" என்றார்கள். மூக்கிலிருந்து ரத்தம். அது ஒரு வாளி இருக்கும். சரி, ஒரு ஸ்பூன்.

"ஐயோ சம்பந்தி, மெதுவாத்தானே விட்டேன்!" என்று ஹாரன் பதறிக் குனிந்தார். கோச்சம்மா எண்ண ஆரம்பிப்பதற்குள், பெஞ்சில் துண்டுக்கு அடியில் இருந்த போன் அடித்தது. கோச்சம்மாதான் எடுத்தார். மாப்பிள்ளை. மகளுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது, உடனே வரவேண்டும்.

மெத்தை ஒட்டுப்பட்டியைப் பல்லால் கடித்து சர்ரென்று பிய்த்துக் கையை உருவினார். ஹாரன் கையை நீட்டினார். முடிச்சு அவிழவில்லை.

"என்ன முடிச்சு சம்பந்தி இது?"

"அவுக்க முடியாது. அறுக்கத்தான் முடியும்."

கத்திரிக்கோல் தேட ஒருவர் ஓடினார். ஹாரனுக்குப் பொறுமை இல்லை. "கை கிடக்கட்டும், வண்டியைக் கூப்பிடுங்க!" என்று வாசலில் நின்று கத்தினார். ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டார், மூன்று வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி தடுத்தார். ஒருவர் மூக்கில் ரத்தம், இன்னொருவர் கையில் கிளவுஸ். "அடிதடி கேஸெல்லாம் அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள்.

நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்தார். மெத்தை ஒரு எட்டில் முன்னால் போய்விட்டார். கை காலியாக இருந்தது அவருக்குத்தானே? ஹாரனைப் பார்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழந்தையை வாங்கினார். வாங்கினதும் அவள் அழுதாள் பாருங்கள், அது யார் வீட்டுத் தொண்டை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெத்தை ஆட்டினார், தட்டினார், "கண்ணு, தாத்தாடா" என்றார். பக்கத்து வார்டில் தூங்கின குழந்தைகள் எல்லாம் எழுந்து கூடச் சேர்ந்துகொண்டன.

"எங்கிட்ட குடுங்க சம்பந்தி" என்று ஹாரன் இரண்டு கிளவுஸையும் சேர்த்து நீட்டினார்.

"இதோடயா? அழுக்கு!" என்று நர்ஸ் திட்டிக்கொண்டே ஒரு சுத்தமான துண்டை அதன்மேல் விரித்தார். மெத்தைக்குக் கொடுக்க மனசில்லை. அழுகைச் சத்தம் தாங்காமல் வைத்தார்.

குழந்தை ஒரு விக்கல் விக்கியது. கன்னத்தைத் துண்டில் ஒரு தேய் தேய்த்தது. தூங்கிவிட்டது.

கட்டிலில் இருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அசந்துபோயிருந்தாலும் அவள் அப்பாவின் மகள்தானே, வாய் சும்மா இருக்குமா? "தூங்கிட்டாளா? அப்ப சரி. நான்தான் சொன்னேனே, எங்க அழாம தூங்குறாளோ அங்க."

ஹாரனுக்கு முகமெல்லாம் பல். பேத்தி எழுந்துவிடுவாளே என்று வாழ்க்கையிலேயே முதல்தடவையாக நிஜமான ரகசியக் குரலில், "கேட்டீங்களா சம்பந்தி" என்றார்.

மெத்தை நின்றார். துண்டுக்கு அடியில் கிளவுஸ், கிளவுஸுக்குள்ளே தொட்டில் மெத்தை. வாயைத் திறந்தால் கிளவுஸைப் பிரித்துத் தைத்தது வெளியே வந்துவிடும். திறக்காவிட்டால் பேத்தி போய்விடுவாள். வீங்கின மூக்கை ஒரு தரம் துடைத்துக்கொண்டார்.

"அது என் ஃபோம்!" என்று கத்தினார்.

"என்ன ஃபோம்?" என்றார் ஹாரன்.

"அவ தூங்கறது என் வெண்ணெய் மேல! தொட்டிலுக்குத் தைச்ச மெத்தையைப் பிரிச்சு, அந்த கிளவுஸுக்குள்ள நான்தான் வெச்சேன்! அப்ப அவ தூங்கறது என் மெத்தையில, என் வீட்டு மெத்தையில!"

"அப்படியா சங்கதி? புது மாடலா?" என்றார் ஹாரன். கையை ஆட்டிப் பேசித்தான் அவருக்குப் பழக்கம். அன்றைக்கு ஆட்ட முடியவில்லை. கையில் பேத்தி. "மெத்தை உங்களுது, சரி. தாங்கற கை யாரோடது? சொல்லுங்க சம்பந்தி, கை யாரோடது?"

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து சொன்னாள், இந்த...

"இரு இரு, இதுல என்ன சந்தேகம்?" ஹாரனின் தம்பி பெஞ்சின் அந்த முனையிலிருந்து எழுந்துவிட்டார். "பிள்ளை தூங்கினது எங்க அண்ணன் கையில. குத்தி ஜெயிச்சதும் எங்க அண்ணன். திருட்டுத்தனமா ஃபோமை மாத்தினவருக்கு என்ன பேச்சு?"

மெத்தையின் மச்சான் இந்த முனையிலிருந்து எழுந்தார். "யாருய்யா திருட்டு? எங்க மாமா அடி வாங்கினதே அந்த ஃபோமாலதான்! உங்க அண்ணன் வெறுங்கையில வாங்கியிருந்தா அவ தூங்கியிருப்பாளா? உங்க வீட்டுல ஹாரனைக் கட்டித் தொங்கவிட்டிருக்கீங்க, அங்க பிள்ளை தூங்குமா?"

"வாயை அடக்குங்க. இல்ல, வாங்க ரிங்குக்கு!"

"வர்றேன்யா! நீங்க முதல்ல என்ன கிளவுஸ் கொண்டு வர்றீங்கன்னு காட்டுங்க, பாப்போம்!"

கதை முடியவில்லையே, உட்காருங்கள் என்று நான் கத்துகிறேன். யார் கேட்கிறார்கள்? அதோ, ஒருத்தர் கோச்சம்மாவின் அலமாரியைத் திறந்துவிட்டார். இன்னொருத்தர் அவர் தோளுக்கு மேலே கையை விட்டு, இருப்பதிலேயே மெத்தென்று இருக்கிற ஜோடியைத் தேடி, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருக்கிறார்.